ஜெட்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? பழைய பைக் கார்புரேட்டர் பற்றிய எளிய விளக்கம்

பழைய பைக் வைத்திருப்பவர் யாரிடமாவது யோசனை கேட்டுப் பாருங்கள். "பிக்கப் இல்லையா? பெரிய ஜெட் போடுங்க." "மைலேஜ் இல்லையா? சின்ன ஜெட் போடுங்க." "காலையில ஸ்டார்ட் ஆகலையா? ஜெட் போயிருச்சு, மாத்துங்க." மூன்று கேள்விக்கும் ஒரே பதில். சொல்பவர் பத்து வருடமாக பைக் ஓட்டுபவராக இருப்பார், அதனால் எதிர்த்துக் கேட்கவும் தோன்றாது. கடைக்குப் போய் எண்பதோ நூறோ கொடுத்து ஒரு ஜெட் வாங்கி மாட்டிவிட்டு, வண்டி முன்னைவிட மோசமாக ஓடுகிறது என்று திரும்பி வருபவர்கள்தான் அதிகம்.

ஜெட் என்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் இருக்கும், பித்தளையில் கடைந்த ஒரு சின்னத் திருகு. நடுவில் ஓர் ஓட்டை. அவ்வளவுதான். அதில் நகரும் பாகம் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, "போயிருச்சு" என்று சொல்வதற்கு ஒன்றுமே கிடையாது. அந்த ஓட்டைக்கு ஒரே வேலை: பெட்ரோலை அளந்து விடுவது. எவ்வளவு விட வேண்டும், எந்த நேரத்தில் எந்த ஜெட் விடுகிறது என்பது புரிந்துவிட்டால், எப்போது மாற்ற வேண்டும், எப்போது தொடக் கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

உதாரணத்துக்குப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 350ஐ எடுத்துக்கொள்வோம். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டோடு கைகோத்துத் தொடங்கிய கதை அது. அவர்கள் தொழிற்சாலை அமைத்த திருவொற்றியூர் என்றாலே இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த பைக்தான். அந்த வண்டிகளில் பல வருடம் இருந்தது மிக்கார்ப் விஎம் 24 என்ற கார்புரேட்டர். 24 என்பது காற்று போகும் வழியின் விட்டம், மில்லிமீட்டரில். ஜப்பானின் மிகுனி நிறுவனத்தின் வடிவமைப்பு அது. அந்த மிகுனியே தொடக்கத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த அமல் நிறுவனத்திடம் உரிமம் வாங்கித்தான் கார்புரேட்டர் செய்தது. அதனால் இங்கே சொல்வதில் பெரும்பகுதி யெஸ்டிக்கும் ஆர்எக்ஸ் 100க்கும் இன்னும் பல பழைய வண்டிகளுக்கும் பொருந்தும்.

## இளநீரும் ஸ்ட்ராவும்

இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிறீர்கள். நாம் இழுப்பதால் நீர் மேலே வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் வாய்க்குள் காற்றழுத்தம் குறைகிறது, காயின் கண் வழியாக வெளிக்காற்று நீரை அழுத்துகிறது, அந்த அழுத்தம்தான் நீரை ஸ்ட்ராவில் ஏற்றுகிறது. கார்புரேட்டரிலும் பெட்ரோல் மேலே ஏறுவது இதே வழியில்தான்.

இந்த ஸ்ட்ராவை வைத்தே இன்னும் மூன்று விஷயம் புரிந்துகொள்ளலாம். ஒன்று, ஒரே பலத்தில் உறிஞ்சினாலும் மெல்லிய ஸ்ட்ராவில் கொஞ்சமாகவும் தடித்த ஸ்ட்ராவில் அதிகமாகவும் நீர் வரும். ஸ்ட்ராவின் ஓட்டைதான் ஜெட். இரண்டு, காய் நிறைய நீர் இருக்கும்போது லேசாக உறிஞ்சினாலே வரும். அடிமட்டத்துக்குப் போன பிறகு கன்னம் ஒட்டும்படி இழுக்க வேண்டும். ஆக, நீர்மட்டம் மாறினால் வரும் அளவும் மாறும். மூன்று, ஸ்ட்ராவில் எங்காவது கீறல் இருந்தால் காற்றுதான் வரும், நீர் வராது. அப்போது தடித்த ஸ்ட்ரா வாங்கிப் பயனில்லை. ஜெட் மாற்றி ஏமாந்த கதைகளில் பாதி இந்த மூன்றாவது வகை.

## கார்புரேட்டருக்குள் நடப்பது

எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது கார்புரேட்டர் வழியாகக் காற்றை இழுக்கிறது. காற்று குறுகிய இடத்தைக் கடக்கும்போது வேகம் கூடும், வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். இப்படிக் குறுக்கி வைத்த பாதைக்கு வெஞ்சுரி என்று பெயர். வெஞ்சுரியின் அடியில் ஒரு சின்னத் துளை. அதற்குக் கீழே பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம், அதுதான் ப்ளோட் சேம்பர். கிண்ணத்தின் மேல் வெளிக்காற்று அழுத்துகிறது, மேலே வெஞ்சுரியில் அழுத்தம் குறைவு. பெட்ரோல் துளை வழியாக ஏறி, விரைந்து போகும் காற்றில் தூறலாகக் கலந்து எஞ்சினுக்குள் போகிறது.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் மாறாமல் பார்த்துக்கொள்வது ப்ளோட் என்ற மிதவை. மட்டம் ஏறினால் மிதவை ஏறி பெட்ரோல் வரும் வழியை மூடும், இறங்கினால் திறக்கும். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் அதே ஏற்பாடுதான்.

சரி, எவ்வளவு பெட்ரோல் வேண்டும்? எடைக் கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எடையில் சொன்னால் சாதாரணமாகத் தெரிகிறது. கொள்ளளவில் போட்டுப் பாருங்கள்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. இத்தனை காற்றில் இத்துணூண்டு பெட்ரோலைச் சரியாகக் கலக்க வேண்டும் என்பதால்தான் ஜெட்டின் ஓட்டை அவ்வளவு சிறிதாக இருக்கிறது. ஓட்டை சிறிது என்பதால்தான் ஒரு துளி அழுக்கு போதும், கலவை கெட்டுவிடும்.

பெட்ரோல் தேவைக்கு மேல் போனால் அந்தக் கலவைக்கு ரிச் என்று பெயர். கரும்புகை, பெட்ரோல் வாடை, பிளக்கில் கரி. தேவைக்குக் குறைந்தால் லீன். எஞ்சின் சூடாகும், ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் தயங்கும், விட்டால் சைலன்சரில் பட் பட்டென்று வெடிக்கும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அழுத்த வித்தியாசம் பெட்ரோலை ஏற்றுகிறது, ப்ளோட் மட்டத்தைக் காக்கிறது, ஜெட்டின் ஓட்டை அளவைத் தீர்மானிக்கிறது. மூன்றில் எது தவறினாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறத்தாழ ஒன்றுதான்.

## எந்த ஜெட் எப்போது வேலை செய்கிறது

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இந்த இடத்தில்தான். "ஜெட்" என்று பொதுவாகப் பேசுகிறோம். கார்புரேட்டரில் ஜெட் ஒன்றல்ல. ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்கின்றன. கவனியுங்கள், வண்டியின் வேகத்தைப் பொறுத்து அல்ல, கியரைப் பொறுத்தும் அல்ல. கையில் முறுக்கும் அளவைப் பொறுத்து. மூன்றாம் கியரில் 30 கிலோமீட்டரில் போய்க்கொண்டே முழுதாக முறுக்கினாலும் மெயின் ஜெட்தான். நான்காம் கியரில் 60இல் நிதானமாகப் போகும்போது மெயின் ஜெட் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்.

வண்டி ஐடிலிங்கில் நிற்கும்போதும், ஆக்ஸிலேட்டரை எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரையும் பொறுப்பு பைலட் ஜெட்டுக்கு. ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். இதன் ஓட்டை எல்லாவற்றிலும் சிறியது, ஊசிமுனை அளவுதான். அதனால் முதலில் அடைத்துக்கொள்வதும் இதுதான். இதோடு சேர்ந்து வேலை செய்வது ஏர் ஸ்க்ரூ. பைலட் ஜெட்டுக்கு எவ்வளவு காற்று கலக்க வேண்டும் என்பதை வெளியே இருந்து திருகிச் சரிசெய்யும் திருகு அது.

அடுத்து ஸ்லைடு. ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுக்க, மேலும் கீழும் போகும் உருளை. சில மெக்கானிக்குகள் இதையும் பிஸ்டன் என்பார்கள். இதன் அடியில் ஒரு பக்கம் சரிவாக வெட்டியிருக்கும், அந்த வெட்டு எட்டில் ஒன்றிலிருந்து கால் பங்கு வரை கலவையைத் தீர்மானிக்கும். இதை மாற்றும் அவசியம் சாதாரணமாக வராது, விட்டுவிடலாம்.

கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை நீடில். ஸ்லைடிலிருந்து தொங்கும் நீளமான ஊசி இது. கீழே ஒரு குழாய்க்குள் இறங்கியிருக்கும். அந்தக் குழாய்க்கு நீடில் ஜெட் என்று பெயர். ஊசியின் நுனி போகப் போக மெலிவாக இருப்பதால், ஸ்லைடு ஏற ஏற ஊசிக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி கூடும், பெட்ரோலும் கூடும். தினசரி ஓட்டத்தில் பெரும்பகுதி நாம் இருப்பது இந்த இடத்தில்தான்.

முக்காலுக்கு மேல் முழுதாக முறுக்கினால் மெயின் ஜெட்.

ஏன் இப்படி? மெயின் ஜெட்டும் நீடில் ஜெட்டும் ஒரே பாதையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. பெட்ரோல் முதலில் மெயின் ஜெட்டைக் கடந்து, பிறகு ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளியைக் கடக்க வேண்டும். இரண்டு தடை வரிசையாக இருந்தால், எது குறுகலோ அதுதான் அளவைத் தீர்மானிக்கும். ஆக்ஸிலேட்டர் பாதி திறந்திருக்கும்போது ஊசியின் இடைவெளிதான் குறுகல். அதற்குக் கீழே மெயின் ஜெட்டின் எண் 90ஆ 100ஆ என்பது பெரிதாக ஒன்றும் செய்யாது. முழுதாகத் திறந்த பிறகு ஊசி விலகிவிடுகிறது, அப்போதுதான் மெயின் ஜெட் குறுகலாகிறது.

மைலேஜுக்காக மெயின் ஜெட்டைச் சின்னதாக்குவது ஏன் வீண் வேலை என்பது இப்போது தெரிந்திருக்கும். நிதானமாக ஓட்டுபவரின் வண்டியில் அந்த ஜெட் வேலைக்கே வருவதில்லை. மாறாக, எப்போதாவது நெடுஞ்சாலையில் லாரியை முந்த முழுதாக முறுக்கும்போது கலவை லீனாகி எஞ்சின் கொதிக்கும். அதுவும் யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஆயிலும் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. அங்கே மெயின் ஜெட்டைச் சுருக்கி வைத்து முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ள வாய்ப்புண்டு. மைலேஜ் கணக்குப் பார்த்து, சிலிண்டரைக் கடையும் போரிங் செலவில் முடியும்.

கோளாறு எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி. ஆக்ஸிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப், அசையாத சுவிட்ச் பெட்டிப் பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மூடியிருக்கும் நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போடுங்கள். காலியான சாலையில் ஓட்டிப் பார்த்தால் எந்தக் கோட்டில் வண்டி தயங்குகிறது என்று தெரிந்துவிடும். கோடு தெரிந்தால் பொறுப்பாளி யார் என்றும் தெரியும்.

சுருக்கமாக: ஐடிலிங்கில் தகராறு என்றால் பைலட் ஜெட், நடுவில் என்றால் நீடில், முழு முறுக்கில் என்றால் மெயின் ஜெட். எல்லைகள் கத்தியால் வெட்டியதுபோல இருக்காது, கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும்.

## ஜெட்டின் மேல் இருக்கும் எண்

ஜெட்டைக் கழற்றிப் பார்த்தால் அதன் மேல் அல்லது பக்கத்தில் ஓர் எண் குத்தியிருக்கும். எண் பெரிதானால் பெட்ரோல் அதிகம், இது எல்லா நிறுவனத்துக்கும் பொது. அதற்குமேல் பொது எதுவும் இல்லை.

அமல் ஜெட்டில் இருக்கும் எண், ஒரு நிமிடத்தில் எத்தனை சிசி திரவம் அதன் வழியாகப் பாயும் என்பதைக் குறிக்கும். கெய்ஹின் என்ற இன்னொரு கார்புரேட்டர் நிறுவனத்தின் ஜெட்டில் எண் என்பது ஓட்டையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 120 என்றால் 1.20 மில்லிமீட்டர். இரண்டும் வேறு வேறு அளவுகோல். பாய்ச்சல் கணக்கில் 100ஐ 110 ஆக்கினால் பெட்ரோல் நூற்றுக்குப் பத்து கூடுகிறது. விட்டக் கணக்கில் அதே 100ஐ 110 ஆக்கினால் ஓட்டையின் பரப்பு நூற்றுக்கு 21 கூடுகிறது. விட்டம் கொஞ்சம் வளர்ந்தால் பரப்பு அதைவிட வேகமாக வளரும், பள்ளியில் படித்த வட்டக் கணக்குதான். "அவன் வண்டியில 110 போட்டான், சூப்பரா இருக்கு" என்பதை நம்பி வேறு நிறுவன ஜெட்டை அதே எண்ணில் வாங்கி மாட்டுவதில் அர்த்தமில்லை.

கடையில் விலை மலிவாகக் கிடைக்கும் சில ஜெட்டுகளில் எண் ஒன்று, ஓட்டை ஒன்றாக இருக்கும். பழைய ஜெட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

## உண்மையில் மாற்ற வேண்டியது எப்போது

தொழிற்சாலையில் போட்ட ஜெட், தொழிற்சாலையில் இருந்த மாதிரியே உள்ள எஞ்சினுக்குச் சரியானது. ஏதாவது மாறியிருந்தால்தான் ஜெட் மாற வேண்டும். உதாரணமாக, காற்று போகும் வழி மாறியிருக்கலாம்: ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுத் திறந்த பில்டர் போட்டது, தடை குறைந்த சைலன்சர் மாட்டியது. இரண்டிலும் காற்று அதிகமாகப் போகும், கலவை லீனாகும், ஜெட்டை ஒரு படி இரண்டு படி ஏற்ற வேண்டியிருக்கும்.

காற்றே மாறியிருக்கலாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை, கலவை நூற்றுக்குப் பத்து போல ரிச் ஆகிவிடும். கோயம்புத்தூரில் கச்சிதமாக ஓடிய புல்லட் குன்னூர் தாண்டியதும் தொண்டை அடைத்ததுபோலத் திணறுவது இதனால்தான். இரண்டு நாள் பயணத்துக்காக ஜெட்டை மாற்றத் தேவையில்லை, அப்படியே ஓட்டிவிட்டு இறங்கலாம். ஊட்டியிலேயே குடியிருந்தால் ஒரு படி சின்ன ஜெட் நியாயம்.

மூன்றாவது, பெட்ரோலே மாறியது. இது நம் எல்லோருக்கும் நடந்திருக்கிறது. இப்போது இந்தியப் பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் அது எரியக் காற்று குறைவாகப் போதும். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 என்றால் இ20க்கு 13.5 போதும். அதாவது அதே ஜெட்டில் அதே அளவு பாய்ந்தாலும், எஞ்சினுக்கு அது லீன் கலவை. புது வண்டிகளில் கணினி இதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. பழைய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிப்பதும், வழக்கத்தைவிடச் சூடாவதும் இதன் விளைவாக இருக்கலாம். பைலட்டிலும் மெயினிலும் ஒரு படி ஏற்றுவது இங்கே சரியான காரணத்துக்காகச் செய்யும் மாற்றம். நீடிலுக்கு வேறு ஜெட் வாங்கத் தேவையில்லை. அதன் தலைப்பக்கம் வரி வரியாகக் காடி வெட்டி, ஒன்றில் சின்ன கிளிப் மாட்டியிருக்கும். கிளிப்பை ஒரு காடி கீழே போட்டால் ஊசி மேலே ஏறும், கலவை ரிச் ஆகும்.

இந்த மூன்றில் எதுவும் இல்லாமல், நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி இன்று தகராறு செய்தால், ஜெட்டின் அளவு ராத்திரியோடு ராத்திரியாக மாறியிருக்காது. அடைப்பு, காற்றுக் கசிவு, ப்ளோட் மட்டம், அல்லது கார்புரேட்டருக்குச் சம்பந்தமே இல்லாத பிளக், டேப்பட் (வால்வ் இடைவெளி). அதில் காற்றுக் கசிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கும் இடத்தில் இருபுறமும் நட்டைப் போட்டு மூர்க்கமாக இறுக்கி இறுக்கி, அந்தத் தட்டே வில்லாக வளைந்துபோன வண்டிகள் ஏராளம். ஸ்ட்ராவில் கீறல் விழுந்த கதை அது. ஐடிலிங் ஒரு நேரம் ஏறும், ஒரு நேரம் இறங்கும், எந்த ஜெட் போட்டாலும் நிற்காது.

லீனா ரிச்சா என்று தெரியாவிட்டால் சோக்கைக் கேளுங்கள். வண்டி தயங்கும் நிலையில் சோக்கை லேசாகப் போட்டால் கலவை ரிச் ஆகும். ஓட்டம் தேறினால் அதுவரை லீனாக இருந்திருக்கிறது. இன்னும் மோசமானால் ஏற்கெனவே ரிச்.

## கழற்றுவது

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். காற்றோட்டமான இடம், பக்கத்தில் பீடி சிகரெட் அடுப்பு எதுவும் கூடாது. பெட்ரோல் டேப்பை மூடி, குழாயைக் கழற்றி, கிண்ணத்தில் இருப்பதை ஒரு டப்பாவில் வடித்துவிடுங்கள். அந்த டப்பாவின் அடியைப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் தனியாக உருண்டு நின்றால், அல்லது துருப்பொடி செம்மண் மாதிரி படிந்தால், பாதி விடை கிடைத்துவிட்டது. கோளாறு டேங்கில்.

கார்புரேட்டரைக் கழற்றி வெள்ளைத் துணி விரித்த தட்டில் வையுங்கள். மேல் மூடியைத் திருகி எடுத்தால் ஸ்பிரிங், ஸ்லைடு, நீடில் மூன்றும் கேபிளோடு வெளியே வரும். நீடிலை வளைத்துவிடாமல் ஓரமாகக் கட்டித் தொங்கவிடலாம். அடிக் கிண்ணத்தின் திருகுகள்தான் முதல் சோதனை. முப்பது வருடமாகத் திறக்காமல் இறுகிப்போயிருக்கும், நட்சத்திரத் தலை ஏற்கெனவே யாரோ வழுக்கவிட்டு மழுங்கியிருக்கும். அளவு பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, மேலே சுத்தியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். அழுத்தும் பலம் முக்கால், திருப்பும் பலம் கால்.

கிண்ணம் வந்ததும் ப்ளோட் தெரியும். நடுவில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் தூணின் நுனியில் இருப்பது மெயின் ஜெட். அதன் பக்கத்தில் குழிக்குள் பதுங்கியிருப்பது பைலட் ஜெட். பெரும்பாலும் பைலட்டைப் பார்க்கவே டார்ச் வேண்டும்.

பித்தளை மெதுவான உலோகம். ஸ்க்ரூ டிரைவரின் முனை ஜெட்டின் காடியை முழு அகலத்துக்கு நிரப்ப வேண்டும், சின்ன முனையை வைத்துத் திருகினால் காடி சிதைந்து ஜெட் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பைலட் ஜெட்டின் குழி குறுகலாக இருப்பதால் நீளமான, ஒல்லியான, ஆனால் முனை தட்டையாக முழு அகலமுள்ள ஸ்க்ரூ டிரைவர் தேவை. கிடைக்காவிட்டால் ஒன்றை உரசிப் பொருத்தமாக்கிக்கொள்ளலாம். அசையவில்லை என்றால் துரு இளக்கும் ஆயில் விட்டு ஒரு ராத்திரி அப்படியே வையுங்கள். அவசரப்படுபவர்களின் கார்புரேட்டர்தான் லேத் பட்டறைக்குப் போகிறது. மெயின் ஜெட்டைத் திருகும்போது அது இருக்கும் நீடில் ஜெட் குழாயும் சேர்ந்து சுழல்வதுண்டு, சுழன்றால் குழாயை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வெளியே வந்த பைலட் ஜெட்டைக் கண்ணருகே வைத்து வானத்தைப் பாருங்கள். நல்ல ஜெட்டில் ஊசிமுனை அளவில் வட்டமான வெளிச்சம், விளிம்பு கூர்மையாக. பல மாதம் நின்ற வண்டியில் வெளிச்சமே இருக்காது, அல்லது அரைநிலா மாதிரி ஒரு கீற்று. உள்ளே அடைத்திருப்பது பெட்ரோல் ஆவியான பிறகு மிஞ்சும் தேன்நிறப் பிசின், சில நேரம் பித்தளையில் பூத்த பச்சைக் களிம்பு.

## மாற்றுவதா, சுத்தம் செய்வதா

பத்துக்கு எட்டு வண்டியில் சுத்தம் செய்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, பிறகு காற்றடியுங்கள். பிசின் பிடிவாதமாக இருந்தால் தூண்டில் நைலான் நரம்போ, மின்ஒயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழையோ விட்டு எடுக்கலாம். ஊக்கு, குண்டூசி, கிளட்ச் கேபிள் இழை கூடாது. எஃகு பித்தளையைச் சுரண்டும், ஓட்டை பெரிதாகும், எண் 25 என்று சொல்லும், பாய்வது வேறு அளவாக இருக்கும். ஜெட் தானாகத் தேய்வது அரிது, தேய்த்துவிடுவது நாம்தான். பட்டறையில் ஊசி விட்டுக் குத்திய ஜெட் என்று சந்தேகம் வந்தால், அதைச் சுத்தம் செய்து பார்த்துக்கொண்டிருக்காமல் அதே எண்ணில் புதிது போட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே தேய்வது நீடில் ஜெட். ஊசி பல்லாயிரம் கிலோமீட்டர் உரசி உரசி அதன் வாய் நீள்வட்டமாகும். நடு முறுக்கில் மட்டும் கரும்புகை, மைலேஜ் சரிவு என்றால் நீடிலையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாக மாற்றுங்கள். மைலேஜ் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான், யாரும் பார்ப்பதில்லை.

வேறு எண்ணுக்கு மாறுவதாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒரே ஜெட், ஒரே படி. மிகுனி பைலட் ஜெட் 2.5 கணக்கில் ஏறும்: 20, 22.5, 25. இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டு வண்டி தேறினால், எதனால் தேறியது என்று தெரியாது.

## திரும்பப் பூட்டுவது

ஜெட்டை முதலில் கையால் திருகுங்கள். மரை சரியாக உட்கார்ந்தால் தடையில்லாமல் போகும். கடைசியில் ஸ்க்ரூ டிரைவரை இரண்டு விரலால் பிடித்து, நின்றதும் இம்மியளவு இறுக்கினால் போதும். ஜெட் ஒன்றும் சக்கரம் தாங்கும் போல்ட் அல்ல. கிண்ணத்தின் கேஸ்கெட் ஊதியோ வெடித்தோ இருந்தால் புதிது போடுங்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும். ஸ்லைடை இறக்கும்போது வெட்டிய பக்கம் ஏர் பில்டரைப் பார்க்க வேண்டும், நீடில் குழாய்க்குள் நேராக இறங்க வேண்டும். மூடியைத் திருகியதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். டக்கென்று திரும்பி வந்து கீழே தட்டும் சத்தம் கேட்காவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்லைடு மேலே மாட்டிக்கொண்ட வண்டி முதல் உதையிலேயே உச்சத்தில் அலறும்.

பெட்ரோல் டேப்பைத் திறந்து சில நிமிடம் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏர் ஸ்க்ரூ. முழுதாக உள்ளே திருகி (லேசாக நிற்கும் வரை மட்டும்), அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, ஐடிலிங் எந்த இடத்தில் உச்சமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே விடுங்கள். மிக்கார்ப்பில் இந்தத் திருகு காற்றைக் கட்டுப்படுத்துவதால் உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். வேறு சில கார்புரேட்டர்களில் எஞ்சின் பக்கமாக இருக்கும் திருகு பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும், அங்கே எல்லாம் தலைகீழ்.

பைலட் ஜெட் சரியான அளவா என்று இந்தத் திருகே சொல்லிவிடும். முக்கால் சுற்றுக்குள்ளேயே சரியான இடம் வந்துவிட்டால் ஜெட் சின்னது, அல்லது இன்னும் அடைப்பு இருக்கிறது. இரண்டரைச் சுற்றைத் தாண்டியும் ஓட்டம் தேறிக்கொண்டே போனால் ஜெட் பெரிது.

மெயின் ஜெட்டுக்குப் பிளக்தான் சாட்சி. புதுப் பிளக் போட்டு, ஆளில்லாத நேர்ச்சாலையில் முழு முறுக்கில் சிறிது தூரம் ஓட்டி, அந்த நிலையிலேயே கிளட்சைப் பிடித்து எஞ்சினை அணைத்து ஓரமாக நிறுத்துங்கள். பிளக்கின் பீங்கான் இளம் காப்பிநிறத்தில் இருந்தால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் லீன், கரி பிடித்திருந்தால் ரிச். ஐடிலிங்கில் வீடுவரை வந்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால் பைலட் ஜெட்டின் கதையைத்தான் அது சொல்லும்.

கழற்றிய ஜெட்டைத் தூக்கிப் போடாமல் எண்ணை எழுதி ஒரு சின்னக் கவரில் போட்டு டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வண்டி இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். இ20 ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கிண்ணம் காய்ந்திருந்தால் பிசினும் பச்சைக் களிம்பும் பிடிக்க அங்கே எதுவும் இருக்காது.